மூலவர் டப்ளினில், உற்சவர் எங்கள் ஊரில்

2024 ஜூலை 29, திங்கட்கிழமை. காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போனால் எங்கள் காளான் பண்ணையில் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூடக் காணோம். பல்கேரியாக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். கேரளத்துப் பையன்கள் இருவர் வந்திருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்த நான் இருந்தேன். சூப்பர்வைசர் மட்டும் போன் செய்தார். எடுத்தால் காற்றுதான் வந்தது, குரல் இல்லை. முந்தின நாள் கால்பந்து இறுதி ஆட்டம் பார்த்துக் கத்தியதில் தொண்டை முழுவதுமாகப் போயிருந்தது. "இன்றைக்கு... நீயே... பார்த்துக்கொள்" என்று மூச்சாலேயே சொல்லி வைத்துவிட்டார்.

காளானுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே நாளில் இரண்டு மடங்காகப் பெருத்துவிடும். இன்றைக்குப் பறிக்க வேண்டியதை நாளைக்கு என்று விட்டால் குடை விரிந்துவிடும், கடைக்காரர்கள் தொட மாட்டார்கள். ஆர்மா அணி ஜெயித்தால் காளானுக்கு என்ன, தோற்றால் அதற்கென்ன? அன்று எட்டு பேர் இருபது பேர் வேலையைப் பார்த்தோம். மத்தியானம் கை மரத்துப்போய் வெளியே வந்தபோது தூரத்தில் ஒரு டிராக்டர், விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு, எங்கும் போகாமல், ஒரே வயலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

இந்தக் கூத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும்.

வட அயர்லாந்தில் ஆர்மா என்றொரு கவுண்டி. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன மண். மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தோம். வந்த முதல் ஜூலையில் ஊரெங்கும் ஆரஞ்சு நிறக் கொடி. எனக்குக் கொடி படிக்கத் தெரியும். வேட்டியின் கரையைப் பார்த்தே கட்சியைச் சொல்லிவிடும் ஊரில் வளர்ந்தவன் நான். ஆரஞ்சு என்றால் புராட்டஸ்டன்ட் ஊர்வலக்காரர்கள் என்று படித்திருந்தேன். அந்த ஆரஞ்சுச் சங்கம் 1795-இல் தொடங்கியதே இந்தக் கவுண்டியில், லஃப்கால் பக்கத்தில்தான். ஜூலை 12 அவர்களுடைய பெரிய நாள். சரி, விஷயம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலிலும் ஆரஞ்சுக் கொடி பறந்தது. அவரோ ஞாயிறு தவறாமல் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவர். குழம்பிப் போய் ஒருநாள் கேட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் சிரித்தார். "அந்த ஆரஞ்சு வேறு, இந்த ஆரஞ்சு வேறு" என்றார். அவர் கொடியில் ஆரஞ்சோடு வெள்ளையும் இருந்தது. ஆர்மா கால்பந்து அணியின் நிறம். ஒரே மாதத்தில், ஒரே கவுண்டியில், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு கூட்டங்கள் கிட்டத்தட்ட ஒரே சாயத்தை வாசலில் கட்டுகின்றன. நான் அடுத்த வீட்டுக் கொடியில் வெள்ளையைத் தேடக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

கேலிக் ஃபுட்பால் என்பது நாம் டிவியில் பார்க்கும் கால்பந்து இல்லை. பந்தைக் கையிலும் எடுக்கலாம். நாலு அடிக்கு மேல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், இல்லையென்றால் காலால் தட்டிக் கைக்கே திருப்பிக்கொள்ள வேண்டும். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே அனுப்பினால், 2024 வரை எங்கிருந்து அடித்தாலும் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. ஸ்கோரை 1-11 என்று எழுதுவார்கள். ஒரு கோல், பதினோரு புள்ளி, ஆக மொத்தம் 14. முதல் வருஷம் முழுக்க இந்தக் கணக்கை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் பழகிவிட்டது. பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. 80,000 பேர் முன்னால் ஆடிவிட்டு, அந்த வாரமோ அடுத்த வாரமோ வாத்தியார் வேலைக்கோ கட்டட வேலைக்கோ திரும்பிவிடுகிறார்கள். இன்னொன்று, நீங்கள் பிறந்த ஊருக்குத்தான் பெரும்பாலும் ஆடுவீர்கள். காசு கொடுத்து வெளியூர் ஆளை ஏலம் எடுக்கிற பேச்சே இல்லை. கோல் போட்டவனின் அம்மாவை நீங்கள் மளிகைக் கடை வரிசையில் பார்க்கலாம்.

முக்கியமான சங்கதி, இந்த விளையாட்டுக்கு எல்லைக்கோடு கிடையாது. 1921-இல் தீவை இரண்டாகப் பிரித்தார்கள். 1884-இலேயே தொடங்கிவிட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிரிட்டனின் ஆட்சியில் இருக்கும் ஆர்மாவும் அயர்லாந்துக் குடியரசில் இருக்கும் கெர்ரியும் ஒரே கோப்பைக்கு மோதுகின்றன. அந்தக் கோப்பைக்குப் பெயர் சாம் மக்வயர்.

கோப்பையை யாரும் கோப்பை என்று சொல்வதில்லை. சாம் என்பார்கள். "சாம் இந்த வருஷம் எங்கே போவான்?" "சாமைப் பார்த்தாயா?" என்று, துபாயிலிருந்து வருகிற சித்தப்பாவைப் பற்றி விசாரிக்கிற தொனியில் பேசுவார்கள். சாம் மக்வயர் நிஜமான ஆள். கார்க் கவுண்டி டன்மன்வேயில் பிறந்த புராட்டஸ்டன்ட். லண்டன் தபால் துறையில் வேலை பார்த்தவர், லண்டன் அணிக்கு ஆடியவர், ரகசியப் புரட்சி இயக்கத்தில், பின்னால் அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவரான மைக்கேல் காலின்ஸைச் சேர்த்துவிட்டவர். கடைசியில் வேலை போய், காசநோய் வந்து, 1927-இல் கையில் காசில்லாமல் செத்துப்போனார். அடுத்த வருஷம் நண்பர்கள் சேர்ந்து 300 பவுண்டு செலவில் வெள்ளிக் கோப்பை ஒன்று செய்து கொடுத்தார்கள். மதத்தின் பேரில் வெட்டிக்கொண்ட ஒரு நாட்டில், கத்தோலிக்கர்கள் உயிரைக் கொடுத்துத் துரத்துகிற கோப்பைக்கு ஒரு புராட்டஸ்டன்ட் பெயர். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "அவன் நல்லா ஆடுவான், அது போதும்" என்றார்.

பெரியவருக்கு வயது எழுபத்தாறு. கொஞ்சம் மாடுகள், கொஞ்சம் ஆப்பிள் மரங்கள். 1977 இறுதி ஆட்டத்துக்கு நேரில் போயிருக்கிறார். டப்ளினிடம் 5-12க்கு 3-6 என்று ஆர்மா செம உதை வாங்கியது. 1953-இல் கெர்ரியிடம் தோற்றதை அவர் அப்பா பார்த்திருக்கிறார். அந்த ஆட்டத்தில் பில் மெக்கோரி பெனால்ட்டியைத் தவறவிட்டார். அதை இந்த வீட்டில் நேற்று நடந்த விபத்து மாதிரித்தான் இன்னமும் சொல்கிறார்கள். கடைசியில் 2002-இல்தான் சாம் முதன்முதலாக ஆர்மாவுக்கு வந்தான். அன்றும் எதிரில் கெர்ரி. ஓஷீன் மெக்கான்வில் முதல் பாதியில் பெனால்ட்டியைத் தவறவிட, ஊரே 1953-ஐ நினைத்து உறைந்துபோனது. இடைவேளையில் பயிற்சியாளர் ஜோ கெர்னன், 1977-இல் தோற்றவர்களுக்குக் கொடுத்த நினைவுப் பரிசைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, குளியலறைச் சுவரில் விட்டெறிந்து உடைத்தார். இரண்டாம் பாதியில் அதே மெக்கான்வில் கோல் போட்டார். 1-12க்கு 0-14, ஒரே ஒரு புள்ளியில் வெற்றி. கோப்பையைத் தூக்கிய கேப்டன் கீரன் மெக்கீனி.

அதே மெக்கீனிதான் 2024-இல் பயிற்சியாளர். பத்தாவது வருஷம். நடுவில் பெனால்ட்டி ஷூட்டவுட்டில் மட்டும் நான்கு முறை அணி தோற்றிருக்கிறது. 2023-இல் இந்த ஆள் இனிமேலும் வேண்டுமா என்று கிளப்புகள் கூடி வாக்கெடுப்பே நடத்தின. ஜெயித்துக் காட்டி அவர் தொடர்ந்தார். "ஆளை மாத்துங்கப்பா" என்று அப்போது பண்ணையில் மேஜையைத் தட்டிப் பேசிய ஒருவர், ஜூலை 28-க்குப் பிறகு மெக்கீனியின் படத்தைப் போன் முகப்பில் வைத்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊரில் பார்க்காததா.

இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிளப்புகள் வழியாகத்தான் வரும். பெரியவருக்கு ஒன்று வந்தது. அதைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டார். "நான் ஒரு தோல்வி, ஒரு வெற்றி நேரில் பார்த்துவிட்டேன். கணக்கு நேராகத்தான் இருக்கிறது. அதை ஏன் கெடுப்பானேன்" என்றார். அதனால் அந்த ஞாயிறு மூன்றரை மணிக்கு அவர் சமையலறையில், சின்ன டிவி முன்னால், அவரும் நானும்.

எதிரில் கால்வே. பாதி ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு ஆறு புள்ளி. ஆட்டம் ஒன்றும் அழகாக இல்லை, உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் தட்டிக்கொண்டே இருந்தார்கள், சதுரங்கத்தில் இரண்டு பயந்தாங்கொள்ளிகள் மாதிரி. பெரியவர் டீயைப் போட்டு வைத்துவிட்டு மறந்துபோனார். இரண்டாம் பாதியில் மாற்று ஆளாக இறங்கிய ஸ்டெஃபன் கேம்பல் இடது பக்கமாக உள்ளே புகுந்து, பந்தைக் குறுக்கே தள்ளினார். தடுப்பாட்டக்காரரான ஏரன் மெக்கே அங்கே எப்படி வந்து நின்றாரோ தெரியாது. வலைக்குள் போய்விட்டது. பெரியவர் எழுந்து நிற்கவில்லை. என் முழங்காலைப் பிடித்தார். விரல் பதிந்த இடம் மறுநாள் நீலமாகியிருந்தது. கடைசி நிமிடங்களில் கால்வேக்குச் சமன் செய்ய வாய்ப்புகள் வந்தன. ஒவ்வொன்றும் தவறித் தவறிப் போயிற்று. விசில். 1-11க்கு 0-13. திரும்பவும் ஒரே ஒரு கோல், திரும்பவும் ஒரே ஒரு புள்ளி.

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். தொப்பியை மாட்டினார். "கன்றுகளுக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். டிவியில் சங்கத் தலைவர் ஜார்லத் பர்ன்ஸ் கோப்பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரே ஆர்மாவின் முன்னாள் கேப்டன், அவர் மகன் ஜார்லி ஓக் அன்று ஆடியவர்களில் ஒருவன். கேப்டன் எய்டன் ஃபோர்க்கர் கோப்பையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கினார். இதையெல்லாம் பார்க்காமல் மனிதர் எங்கே போய்விட்டார் என்று பின்னாலேயே போனேன். கொட்டகைக்குள் குனிந்து நின்று, கன்றுகளிடம் தாழ்ந்த குரலில் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒன்று பதினொன்று. கேட்டதா? ஒன்று பதினொன்று."

நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

இதுவரை ஆட்டம். எழுபது நிமிடச் சமாசாரம். அதற்குப் பிறகு பல மாதம் நடந்ததுதான் எனக்குப் பிடிபட்ட விஷயம்.

ஜெயித்த அணி அன்றிரவு டப்ளினில் தங்கும், விருந்து நடக்கும். மறுநாள் காலை சாம் முதலில் போகிற இடம் க்ரம்லினில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை. பல வருஷ வழக்கம். எந்தக் கவுண்டி ஜெயித்தாலும் இதில் மாற்றமில்லை. இரவெல்லாம் தூங்காத கண்ணோடு வீரர்கள் கட்டில் கட்டிலாகப் போய்க் கோப்பையைக் காட்டுவார்கள். அப்புறம்தான் ஊர்.

திங்கள் மாலை நானும் மனைவியும் கைக்குழந்தையும் மகனும் பெரியவரோடு ஆர்மா நகரத்துக்குப் போனோம். அத்லெட்டிக் கிரவுண்ட்ஸ் என்கிற மைதானத்தில் வரவேற்பு. வண்டியை ஒன்றரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். வழியெல்லாம் ஆரஞ்சு. நாய்க்கு ஆரஞ்சு ரிப்பன், பாட்டிக்கு ஆரஞ்சு விக். ஒரு வீட்டுக்காரர் வேலிக்கு அடித்த பெயிண்ட் மிச்சமிருந்ததென்று ஆட்டுக்கும் அடித்திருந்தார். பஸ் தாமதம். எங்கேயோ ஒரு ஊரில் மறித்துவிட்டார்கள் என்றார்கள். அப்புறம் இன்னொரு ஊரில். ஜூலையில் இங்கே ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அதனால் யாரும் அவசரப்படவில்லை.

அந்தப் பஸ் டப்ளினிலிருந்து வரும்போது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் வருகிறது. இன்றைக்கு அங்கே செக்போஸ்ட் கிடையாது. சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும், அவ்வளவுதான் அடையாளம். 1960-இல் பக்கத்துக் கவுண்டியான டவுன் ஜெயித்தபோதுதான் கோப்பை முதன்முதலாக அந்த எல்லையைக் கடந்து வடக்கே வந்தது. அப்போது அங்கே சுங்கச்சாவடி இருந்தது. பின்னால் வந்த கலவரக் காலத்தில் பட்டாளம் நின்றது. பெரியவர் அதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் களியக்காவிளை நினைவுக்கு வந்தது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுவார்கள். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் புறப்பாடு நிற்கவில்லை. எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் நின்று மரியாதை செய்து அனுப்புவார்கள். சாமிக்கு மாநிலம் ஏது என்று பாட்டி சொல்வாள். மைதானத்துக்குள் பஸ் நுழைந்து, கூட்டம் எழுந்து நின்று, வெள்ளிக் கோப்பை மேலே எழும்பியபோது, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். என் கை தன்னால் கூப்பப் போய் பாதியில் நின்றது. மனைவி பார்த்துவிட்டாள். "கும்பிட்டுருங்க, யாரு கேக்கப்போறா" என்றாள்.

இந்த உவமை நான் இழுத்துப்பிடித்துப் பொருத்துவது இல்லை. கேளுங்கள். 1928-இல் செய்த அசல் கோப்பை இப்போது டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்திலுள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அறுபது வருஷம் ஊர் ஊராகத் தூக்கிப் போய், கீழே போட்டு, ஒடுக்கு விழுந்து, தேய்ந்துவிட்டது. அதனால் அதே அச்சில் இன்னொன்று செய்தார்கள். 1988-லிருந்து ஊருக்குள் வருவது அந்த இரண்டாவதுதான். மூலவர் கருவறையில், உற்சவர் வீதியில். அசலுக்கே ஒரு அசல் உண்டு. எட்டாம் நூற்றாண்டு ஆர்டா திருக்கிண்ணத்தின் வடிவத்தை வைத்துத்தான் இந்தக் கோப்பையைச் செய்தார்கள். அந்தக் கிண்ணம் 1868-இல் லிமெரிக் பக்கத்தில் உருளைக்கிழங்கு தோண்டும்போது மண்ணுக்கடியில் கிடைத்தது. தோண்டும்போது விக்கிரகம் கிடைத்த கதை இல்லாத கோயில் நம் பக்கத்தில் எத்தனை இருக்கும்?

ஆகஸ்டு முழுக்க சாமின் வீதியுலா. முதலில் வீரர்களின் சொந்தக் கிளப்புகள். அப்புறம் மற்ற ஊர்கள், பப்புகள், முதியோர் இல்லங்கள், கல்யாண வீடுகள். கோப்பையில் என்னென்ன ஊற்றிக் குடித்தார்கள் என்று சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்குக் குமட்டும், விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கிளப்புக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலை ஊரில் ஒரு சாவு. அடக்கம் மறுநாள்தான். ஆனாலும் உடல் வீட்டுக்கு வருவது அதே மாலை. கிளப்பில் உடனே கூடிப் பேசினார்கள். சாவு வீட்டு வண்டி ஊருக்குள் வந்து, எல்லாரும் போய்க் கை கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் கோப்பை ஊர் எல்லையைத் தாண்டும் என்று முடிவானது. மரியாதை என்று நினைத்தேன். மரியாதையும்தான். ஆனால் முக்கால்வாசி பயம். எதற்குப் பயம் என்று பெரியவர்தான் சொன்னார்.

1951-இல் மேயோ கவுண்டி ஜெயித்தது. கோப்பையோடு லாரியில் ஆடிப்பாடிக்கொண்டு திரும்பும்போது, ஃபாக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு சவ ஊர்வலம் எதிர்ப்பட்டதாம். இவர்கள் நிறுத்தவில்லையாம். தொப்பியைக் கூடக் கழற்றவில்லையாம். பாதிரியார் சபித்தாராம்: இந்த அணியில் ஒருவன் உயிரோடு இருக்கும்வரை மேயோ இன்னொரு முறை ஜெயிக்காது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் 1989-லிருந்து 2021 வரை மேயோ பதினோரு இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறது. 1951 அணியின் கடைசி ஆள் பேடி பிரெண்டர்காஸ்ட் 2021 செப்டம்பர் கடைசியில் இறந்தார். அதே மாதம்தான் மேயோ பதினோராவது தடவையாகத் தோற்றிருந்தது. சாபத்துக்குக் கட்டுப்பட்ட ஆள் யாரும் மிஞ்சாத பிறகும், 2025 வரை மேயோ ஜெயிக்கவில்லை. கண்ணகி ஊர்க்காரனுக்கு இந்தக் கதையில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை. அந்த அணியில் ஒருவனாக அன்று லாரியில் நின்று, கொட்டு மேளச் சத்தத்தில் எதிரே என்ன வருகிறதென்றே தெரியாமல் இருந்தவனைப் பற்றித்தான் யோசித்தேன். ஒரே ஒரு சாயங்காலச் சந்தோஷம். எழுபது வருஷம் ஊர் அவனைப் பார்த்து, "இன்னும் இருக்கிறாரா?" என்று விசாரித்திருக்கும்.

எட்டரை மணிக்கு சாம் வந்தான். கிளப் கூடத்தில் மேஜை, மேஜைமேல் பச்சைத் துணி, அதன்மேல் கோப்பை. பக்கத்தில் அணியிலிருந்து வந்த ஒரு இளைஞன், இருபத்து மூன்று வயதிருக்கலாம், நின்று நின்று கால் மாற்றிக்கொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் சிரித்தான். கிட்டத்தில் பார்த்தால் கோப்பை நான் நினைத்த அளவுக்குப் பளபளக்கவில்லை. விரல் ரேகை, ரேகைமேல் ரேகை. ஒரு கைப்பிடிக்குக் கீழே சிறு ஒடுக்கு. விளிம்பில் ஏதோ பிசுபிசுப்பு. மோந்து பார்த்தால் கோக்கோகோலா வாசனை. நேற்று பிள்ளைகள் குடித்திருப்பார்கள்.

இங்கே ஒரு வழக்கம், கைக்குழந்தையைக் கோப்பைக்குள் உட்கார வைத்துப் போட்டோ எடுப்பது. முன்னால் வரிசையில் நாலு குழந்தைகள் உட்கார்ந்து எழுந்தன. ஒன்று உள்ளேயே ஈரம் செய்துவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒரு பேப்பர் துண்டு, முடிந்தது. எங்கள் முறை வந்தபோது நான் ஒதுங்கப் பார்த்தேன். இது இவர்கள் வீட்டு விசேஷம், நாம் ஓரமாக நின்று பார்ப்போம் என்ற தயக்கம், எத்தனை வருஷமானாலும் விடாது. அந்த இளைஞன் ஒன்றுமே கேட்காமல் கையை நீட்டினான், பந்துக்கு நீட்டுவது போல. மனைவி குழந்தையைக் கொடுத்துவிட்டாள். மகள் உள்ளே உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, விளிம்பைக் கடித்தாள். பல் முளைக்கிற நேரம்.

போட்டோவை அன்றிரவே அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏல, பிள்ளையப் போயி எதுக்குல அண்டாவுக்குள்ள உக்கார வச்சிருக்க?"

விளக்கினேன். தேர், சப்பரம், புறப்பாடு என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி. மொதல்ல கழுவுனாங்களா?" என்றாள்.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு பெரியவரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் மனைவி இறந்து ஆறு வருஷம். 2002-இல் இருவரும் சேர்ந்துதான் க்ரோக் பார்க் போனார்கள். தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கல்லறைகளில் சின்னச் சின்ன ஆரஞ்சுக் கொடி குத்தியிருந்தது. ஒன்றில் ஜெர்ஸியே விரித்திருந்தது. ஒன்றில் திங்கட்கிழமைச் செய்தித்தாளின் பின்பக்கத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கல் வைத்திருந்தார்கள். பெரியவர் கொடி எதுவும் கொண்டுவரவில்லை. குனிந்து களை பிடுங்கினார். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். திரும்பி வரும்போது கேட்டேன், ஏதாவது சொன்னீர்களா என்று. "அவளுக்கு மெக்கீனியைப் பிடிக்காது. சொன்னால் கோபம் வரும்" என்றார்.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் சாம் பள்ளிக்கூடங்களுக்குப் போனான். கோப்பை வருகிற நாளில் வீட்டுப்பாடம் கிடையாது என்பது எழுதாத சட்டம். வந்த வீரர் மைக்கைப் பிடித்து அதை அறிவித்தபோது இறுதி ஆட்டத்தில் கூட அப்படிச் சத்தம் வந்திருக்காது என்று மகன் சொன்னான். அவன் இப்போது ஊர்க் கிளப்பில் எட்டு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறான். பந்தைத் தரையில் தட்ட மறந்து ஆறேழு அடி ஓடிவிடுகிறான்.

2025-இல் ஆர்மா காலிறுதியோடு சரி. கெர்ரியிடம் தோற்றது. அதே கெர்ரி ஜூலை 27-ஆம் தேதி டோனகாலை 1-26க்கு 0-19 என்று வீழ்த்தி சாமைத் தெற்கே கொண்டுபோய்விட்டது. அன்றும் அதே சமையலறை, அதே டிவி. பெரியவர் இந்த முறை டீயைச் சூடாகவே குடித்தார். குளிர்பெட்டியின் கதவில், 2002-இல் மனைவியோடு எடுத்த போட்டோவுக்குப் பக்கத்தில், கோப்பைக்குள் உட்கார்ந்திருக்கும் என் மகளின் போட்டோ. எப்போது பிரதி எடுத்தாரோ, நான் கொடுக்கவில்லை. மகள் தத்தித் தத்தி நடந்து போய் அதைக் காட்டி "பாப்பா" என்றாள்.

அவர் அவளை மேலிருந்து கீழ் வரை அளந்து பார்த்தார், சந்தையில் கன்று பார்க்கிற பார்வை. "அடுத்த வருஷம் ஜெயித்தாலும் இவள் உள்ளே கொள்ள மாட்டாள். உங்களுக்கு இன்னொன்று வேண்டியிருக்கும்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

மனைவி எனக்குக் கூடக் காத்திருக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.